பிரேக் இல்லாத பைக்கும் லெஷ்னோ என்ற சிறுநகரும்



ஒரு சாவியில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை. அஸருக்குப் பின் நடக்கும் பெண்கள் வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்துவிட்டார்கள். ஒரு தாய் மட்டும் வாசலோரம் நின்றுகொண்டிருந்தார். கைக்குள் எதையோ இறுகப் பிடித்திருந்தார். விரித்துக் காட்டினார். மோட்டார் சைக்கிள் சாவி!

"ஹஸரத், இத மகன்ட கையால பறிச்சுக்கிட்டு வந்தீக்கிறேன். வாப்பா கட்டார்ல. கேக்கிறதுக்கு எனக்கு வேற ஆளில்ல. இவன் ரேஸ் ஓடப் போறேன் எங்கிறான். தடுக்கவா, விடவா? நீங்க செல்லுங்க."

மகனை எனக்குத் தெரியும். சிறு வயதில் என்னிடம் ஓதிய பிள்ளைதான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருந்தான். வாப்பா அனுப்பிய பணத்தில் முற்பணம் கட்டி, லீசிங்கில் பைக் எடுத்திருக்கிறார்கள். மாலையானால் கட்டுகஸ்தோட்டைக்கும் அக்குறணைக்கும் இடையே நண்பர்களோடு பறக்கிறான் என்று ஊரே பேசுகிறது. அந்தப் பாதையின் நெரிசலை நீங்கள் அறிவீர்கள். ஒரு பக்கம் கடை, மறுபக்கம் கடை, நடுவில் பஸ், லொறி, முச்சக்கர வண்டி. இவற்றுக்கு இடையில் பறப்பதற்கு எங்கே இடம் இருக்கிறது என்று நானும் யோசித்ததுண்டு.

மறுநாள் ஜும்ஆவுக்குப் பின் பையனை அழைத்தேன். புத்தி சொல்லத்தான் அழைத்தேன். அவனோ என்னை முந்திக்கொண்டு தன் போனை நீட்டினான். "ஹஸரத், இதப் பாருங்க. இந்த பைக்குக்கு பிரேக்கே இல்ல."

கேலி செய்கிறானோ என்று நினைத்தேன். படத்தில் நான்கு பேர், முட்டை வடிவமான மண் பாதையில், இடது காலை நிலத்தில் உரசிக்கொண்டு, வண்டியைச் சரித்தபடி சுற்றுகிறார்கள். பின்சக்கரம் மண்ணை அள்ளி வீசுகிறது. ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. "இது எந்த ஊர்?" என்றேன். "போலந்து, ஹஸரத். லெஷ்னோ எங்கிற ஒரு சின்ன டவுன். எங்கட கண்டிய விடச் சின்னது."

எனக்குத் தெரியாத விடயத்தில் நான் எப்படிப் புத்தி சொல்வது? "ஒரு மாதம் பொறு, நானும் படித்துவிட்டு வருகிறேன்" என்று அவனை அனுப்பிவிட்டேன். அரபுக் கல்லூரியில் இருந்து வெளியேறிய நாள் முதல் இலக்கணமும் சட்டமும் கற்பித்து வரும் நான், அந்த மாதம் முழுவதும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் வரலாற்றைப் படித்தேன். வீட்டில் மனைவி சிரித்தார். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்வதற்கே இதை எழுதுகிறேன். பந்தயத்துக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள் என்பதற்காக அல்ல.

முதலில் அந்த விளையாட்டு. ஆங்கிலத்தில் அதற்கு ஸ்பீட்வே என்று பெயர். பாதையின் சுற்றளவு முந்நூறு மீற்றர், நானூறு மீற்றர் அளவில்தான் இருக்கும். நம் பிள்ளைகள் விளையாட்டுப் போட்டியில் ஓடும் நானூறு மீற்றர் மைதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறிய பாதைகளும் உண்டு. ஒரு தடவைக்கு நான்கு பேர், இரு அணிகளில் இருந்தும் இருவர் வீதம். நான்கு சுற்று. முதலாமவருக்கு மூன்று புள்ளி, இரண்டாமவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று, கடைசியாக வருபவருக்குப் பூச்சியம். இப்படிப் பதினைந்து ஓட்டங்கள். ஆக மொத்தம் 90 புள்ளிகள். 46 எடுத்த அணிக்கு வெற்றி. ஒவ்வோர் ஓட்டமும் ஒரு நிமிடம் என்றால் உண்மையான பந்தயம் கால் மணித்தியாலம்தான். மீதி நேரமெல்லாம் உழவு இயந்திரம் வந்து மண்ணைச் சமப்படுத்தும், தண்ணீர் வண்டி வந்து தூசியை அடக்கும். பார்ப்பவர்கள் அந்த இடைவேளைகளில் சாப்பிடுவார்கள், கதைப்பார்கள். எங்கள் ஊர்க் கல்யாண வீடு போலத்தான்.

வண்டிக்கு 500 சிசி இயந்திரம். எரிபொருள் பெட்ரோல் அல்ல, மெதனோல் என்ற ஒரு வகை மதுசாரம். கியர் ஒன்றே ஒன்று. பிரேக் கிடையாது. ஏன் இல்லை? இதைக் கேட்டபோதுதான் எனக்கு விடயம் பிடிபட்டது. நான்கு பேர் ஒட்டினாற்போல் பாய்ந்து வரும்போது முன்னால் இருப்பவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர் அவர் மீது ஏறிவிடுவார். யாராலும் திடீரென்று நிற்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதே அங்கு ஒரு பாதுகாப்பு. வளைவில் வேகத்தைக் குறைப்பது பின்சக்கரத்தின் வேலை. வண்டியைச் சரித்துச் சக்கரத்தை மண்ணில் வழுக்கவிட்டால் அந்த உரசலே வேகத்தைத் தின்னும். இடது சப்பாத்தின் அடியில் உருக்குத் தகடு மாட்டியிருப்பார்கள், மண்ணில் உரசுவதற்கு. ஓட்டுபவரின் கையில் இருந்து வண்டிக்கு ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கும். அவர் விழுந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் உடனே நின்றுவிடும்.

இன்னொரு சட்டமும் எனக்குப் பிடித்தது. ஒருவர் விழுந்து ஓட்டம் நிறுத்தப்பட்டால், அதற்கு யார் காரணம் என்று நடுவர் தீர்மானிப்பார். காரணமானவர் விலக்கப்படுவார். மற்றவர்கள் திரும்பவும் ஓடுவார்கள். நம் வீதிகளில் விபத்தை உண்டாக்கியவர் தப்பிப் போய்விட, விழுந்தவர் கண்டி வைத்தியசாலையில் மாதக் கணக்காய்க் கிடப்பதை நினைத்துப் பார்த்தேன்.

இந்த விளையாட்டு எங்கே தொடங்கியது என்பதில் வழக்கு உண்டு. ஆனால் பெரும்பாலோர் சொல்வது அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள வெஸ்ட் மெயிட்லண்ட் என்ற சிற்றூர். 1923 டிசம்பரில் அங்கு விவசாயக் கண்காட்சித் திடலில் மின்விளக்கு வெளிச்சத்தில் ஒரு களியாட்டம் நடந்தது. கண்காட்சிச் சங்கத்தின் செயலாளராக இருந்த ஜொனி ஹொஸ்கின்ஸ் என்பவர் மோட்டார் சைக்கிள் பந்தயத்தையும் சேர்த்துக்கொண்டார். 1928இல் அது இங்கிலாந்துக்குப் போனது. பெப்ரவரி மாதக் குளிரில் லண்டனுக்கு அருகே ஹை பீச் என்ற இடத்தில் நடந்த பந்தயத்தைப் பார்க்க, ஏற்பாட்டாளர்களே எதிர்பாராத பெரும் கூட்டம் திரண்டதாம்.

சகோதரிகளே, அந்த ஆரம்ப காலத்தில் ஒரு பெண்ணும் இதில் பேர் வாங்கியிருக்கிறார். அயர்லாந்தைச் சேர்ந்த ஃபே டெய்லர். 1928, 1929இல் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் முன்னணி ஆண்களையே தோற்கடித்தார். 1930இல் வேறொரு பெண் விழுந்து காயப்பட்டதும், பெண்கள் யாருமே ஓடக்கூடாது என்று இங்கிலாந்தில் தடை போட்டுவிட்டார்கள். ஆண்கள் நாள்தோறும் விழுந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தடை வரவில்லை. நான் இதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இனி லெஷ்னோவுக்கு வருவோம்.

போலந்தின் மேற்குப் பகுதியில், பொஸ்நான் நகருக்கும் வ்ரோத்ஸ்வாவ் நகருக்கும் இடையில் இருக்கிறது. இன்றும் மக்கள்தொகை அறுபதாயிரம் அளவில்தான். நம் கண்டி மாநகர எல்லைக்குள் வாழ்பவர்களை விடக் குறைவு. 1938இல் அங்கு ஒரு மோட்டார் கழகம் தொடங்கினார்கள். மறுவருடமே இரண்டாம் உலகப் போர். ஜேர்மன் படை ஊரைப் பிடித்தது. 1945 ஜனவரி வரை ஊர் அவர்கள் பிடியில் இருந்தது. போர் முடிந்தபின் எஞ்சியிருந்த இளைஞர்கள் கழகத்தை மீண்டும் கூட்டினார்கள். பழைய சாம்பலும் கரித்தூளும் கொட்டிய பாதைகளில்தான் அந்நாட்டில் பந்தயம் நடந்தது. போலந்து மொழியில் இந்த விளையாட்டுக்கு இன்றும் ஷுஷெல் என்று பெயர். உலைச் சாம்பற்கட்டி என்று அதற்குப் பொருள். அடுப்புச் சாம்பலின் பெயரால் அழைக்கப்படும் விளையாட்டு உலகில் வேறெங்கும் உண்டா தெரியாது.

நமக்குச் சுதந்திரம் கிடைத்த 1948ஆம் வருடம் போலந்தில் அணிகளுக்கு இடையிலான லீக் போட்டி ஆரம்பமானது. மறுவருடம், 1949இல், நாட்டின் சாம்பியனானது லெஷ்னோ. தலைநகர் வார்சாவையும் பெரிய தொழில் நகரங்களையும் ஒரு சிற்றூர் வென்றது. அதோடு நிற்கவில்லை. 1950, 51, 52, 53, 54 என்று தொடர்ந்து ஆறு வருடம் பட்டம் அவர்களிடமே இருந்தது.

அந்த முதல் வெற்றியின் நாயகன் அல்ஃப்ரெட் ஸ்மோச்சிக். 1928 ஒக்டோபரில் அருகிலுள்ள கொஷ்சியான் என்ற ஊரில் பிறந்தவர். 1949இல் தனிநபர் போட்டியிலும் அவரே போலந்தின் சாம்பியன். அப்போது இருபத்தோராவது வயதைத் தொடும் பருவம். போரில் எல்லாம் இழந்திருந்த ஒரு நாட்டில், சிற்றூர்ப் பையன் ஒருவன் பிரேக் இல்லாத வண்டியில் எல்லோரையும் முந்திப் போகிறான் என்றால் அந்த ஊர் தாய்மார் அவனை எப்படிப் பார்த்திருப்பார்கள்! தங்கள் மகனாகவே பார்த்திருப்பார்கள்.

அவர் எப்படி இறந்தார் என்று தேடியபோது, பந்தயத் திடலில் விழுந்துதான் போயிருப்பார் என்று எண்ணியே தேடினேன். அப்படி இல்லை. 1950 செப்டெம்பர் 26ஆம் திகதி, கோஸ்தின் என்ற ஊருக்கு அருகே, பொதுவீதியில், சாதாரண மோட்டார் சைக்கிளில் போகும்போது நடந்த விபத்தில் மரணமானார். வயது 21. இருபத்திரண்டு இன்னும் ஆகவில்லை. நான்கு பேர் முட்டி மோதும் திடலில், பிரேக் இல்லாமல், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் வென்ற ஒருவரை, பிரேக் உள்ள வண்டியில் வீதி எடுத்துக்கொண்டுவிட்டது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருடமும் லெஷ்னோ அணிதான் பட்டத்தை வென்றது. மறுவருடத்தில் இருந்து அவர் பெயரில் ஒரு நினைவுப் போட்டி நடத்தத் தொடங்கினார்கள். விளையாட்டரங்கத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். இன்று அங்கே பதினாறு, பதினேழாயிரம் பேர் இருந்து பார்க்கலாம். ஊரின் சனத்தொகையில் கால் பங்குக்கும் அதிகம்! ஞாயிற்றுக்கிழமை போட்டி என்றால் பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை குடும்பமாகப் போகிறார்கள். வெள்ளையும் நீலமும் அணியின் நிறம். காளை மாடு அதன் சின்னம்.

ஆறு பட்டங்களுக்குப் பிறகு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. 1955 முதல் 1978 வரை ஒரு பட்டம்கூட இல்லை. எனக்கு வரலாற்றில் இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்திருக்கிறது. இருபத்துநான்கு வருடம்! 1954இல் வெற்றியைப் பார்த்த குமரி 1979இல் அடுத்த வெற்றியைப் பார்க்கும்போது தன் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்திருப்பாள். இடையில் யாரும் அரங்கத்தை இடித்துக் கடைத்தொகுதி கட்டவில்லை. 1979, 1980இல் மீண்டும் சாம்பியன். 1987, 88, 89இல் தொடர்ந்து மூன்று. அந்த நாட்களில் அணியின் தூணாக இருந்தவர் ரோமன் யான்கோவ்ஸ்கி. 1981இலும் 1988இலும் போலந்தின் தனிநபர் சாம்பியன். பிற்காலத்தில் அதே கழகத்தில் பயிற்சியாளராகி, அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பின்னர் மறுபடி பதினேழு வருட வறட்சி. 2007, 2010, 2015, அப்புறம் 2017 முதல் 2020 வரை தொடர்ந்து நான்கு. மொத்தம் 18 பட்டங்கள். போலந்தில் வேறெந்த அணிக்கும் இத்தனை கிடையாது. அவர்களும் 2024இல் கடைசி இடத்துக்கு வந்து, இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டார்கள். 2025இல் வென்று திரும்பி ஏறிவிட்டார்கள்.

இவ்வளவு சிறிய ஊரில் இருந்து ஓட்டுநர்கள் எப்படி வந்துகொண்டே இருக்கிறார்கள்? விடை கழகம் நடத்தும் பள்ளியில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் சிறிய பாதையில், சிறிய வண்டியில் தொடங்குகிறார்கள். பெரிய வண்டியில் ஏறுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்குச் சட்டதிட்டங்களில் தேர்வு உண்டு. திடலில் ஓடிக் காட்டவும் வேண்டும். பதினைந்து, பதினாறு வயதில்தான் அதைப் பெறலாம். இன்னொரு விடயம்: லீக் அணிகள் ஒவ்வொன்றிலும் இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட உள்நாட்டுப் பிள்ளைகள் இருவர் கட்டாயம் ஓடவேண்டும். எவ்வளவு பணம் இருந்தாலும் வெளிநாட்டு வீரர்களைக் கொண்டு மட்டும் அணியை நிரப்ப முடியாது. ஊர்ப் பிள்ளைக்கு இடம் ஒதுக்குவது சட்டம். அதனால்தான் லெஷ்னோவில் வளர்ந்த பியோத்ர் பவ்லிட்ஸ்கி 2014இலும், பார்த்தோஷ் ஸ்மெக்தாவா 2018இலும் இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் பட்டத்தை வென்றார்கள்.

இதுவரை வாசித்த ஒரு தாய், "அப்படியென்றால் மகனை அனுப்பலாம் போலிருக்கிறதே" என்று நினைத்துவிடக்கூடாது. மறுபக்கத்தையும் நான் மறைக்க மாட்டேன்.

2015 ஓகஸ்டில் போலந்தின் ஸியெலோனா கூரா நகரில் டார்சி வார்ட் என்ற அவுஸ்திரேலிய இளைஞர் விழுந்தார். உலகப் பட்டம் வெல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தவர். முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனது. 2016 மே மாதம் ரிப்னிக் என்ற ஊரில் நடந்த போட்டியில் தார்னூவ் அணியின் கிறிஸ்தியான் ரெம்பாவா விழுந்தபோது தலைக்கவசம் கழன்றுவிட்டது. ஆறு நாள் கழித்து இறந்துபோனார். வயது 18. அவருடைய தந்தையும் இதே விளையாட்டில் ஓடியவர். வளைவுகளில் காற்றடைத்த மெத்தை வேலி போட்டிருக்கிறார்கள், அம்புலன்ஸ் இல்லாமல் ஓட்டம் தொடங்காது, மருத்துவர் இருக்கவே வேண்டும். இத்தனையும் இருந்தும் இவை நடந்தன. வேகம் தன் கூலியைக் கேட்காமல் விடுவதில்லை.

லெஷ்னோவுக்காகப் பல வருடம் ஓடிய லீ அடம்ஸ் என்பவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அவுஸ்திரேலியாவின் மில்டூரா என்ற ஊர்க்காரர். 2007 வெற்றியில் அவருக்குப் பெரிய பங்கு. 2010இல் உடம்பில் பழுதில்லாமல் ஓய்வு பெற்றார். மறுவருடம், தன் நாட்டில் பாலைவன மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒன்றுக்குப் பயிற்சி எடுக்கும்போது விழுந்து முதுகெலும்பு பழுதடைந்தது. வேலியிட்ட திடலில் இருபது வருடத்துக்கு மேல் தப்பியவர், வேலியில்லாத வெளியில் தப்பவில்லை. ஸ்மோச்சிக்கின் கதை அறுபது வருடம் கழித்து வேறொரு கண்டத்தில் திரும்பி வந்தது போல எனக்குத் தோன்றியது.

நம் நாட்டிலும் மோட்டார் பந்தயம் புதியதல்ல. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. ஏப்ரல் வசந்த காலத்துக்குப் போகும் நம் குடும்பங்களில் சிலர் அதைப் பார்த்திருக்கக்கூடும். களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்தையில், போர்க்காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்திருக்கிறது. தியத்தலாவையில் இராணுவம் நடத்தும் ஃபொக்ஸ் ஹில் பந்தயம் 1993இல் ஆரம்பமானது. மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மண் பாதையில் ஓடும்.

அந்த ஃபொக்ஸ் ஹில்லில் 2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஐந்து வருடத்துக்குப் பின் நடந்த போட்டி. புத்தாண்டு விடுமுறைக் காலம். பெரும் சனக்கூட்டம். ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மீது பாய்ந்தது. ஏழு பேர் மரணம். அவர்களில் ஒருவர் எட்டு வயதுச் சிறுமி. இருபதுக்கும் அதிகமானோர் காயம். பந்தயம் பார்க்கப் போன குழந்தை அது. ஓடப் போன குழந்தை அல்ல.

லெஷ்னோவில் முதல் வரிசையில் இருக்கும் பாட்டிக்கும் ஓடுபவருக்கும் இடையில் உறுதியான வேலி இருக்கிறது. பார்ப்பவர்கள் எங்கே இருக்கவேண்டும், எங்கே இருக்கக்கூடாது என்பது ஓட்டம் தொடங்குமுன் தீர்ந்துவிடும் விடயம். இதைச் செய்வதற்குப் பணக்கார நாடாக இருக்கவேண்டிய அவசியமில்லை. போரில் சிதைந்துபோன போலந்து 1948இல் பணக்கார நாடா?

ஒரு மாதம் முடிந்தது. பையன் சொன்னபடி வந்தான். தாயும் வந்து உள்ளே மனைவியோடு உட்கார்ந்துகொண்டார். கதவு திறந்தே இருந்தது.

"பிரேக் ஏன் இல்லை என்று தெரியுமா?" என்று கேட்டேன். "தைரியத்துக்கு" என்றான். நான் படித்ததைச் சொன்னேன். எல்லோரும் ஒரே திசையில், ஒரே வேகத்தில், நான்கே பேர், குறுக்கே ஆள் இல்லை, ஆடு இல்லை, பஸ் இல்லை. அங்கே பிரேக் வேண்டாம். "அக்குறணைச் சந்தியில் உனக்கு எதிரே வருபவர் எப்போது திரும்புவார் என்று உனக்குத் தெரியுமா?" என்றேன். பதில் இல்லை. போனைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

ஸ்மோச்சிக்கின் கதையைச் சொன்னேன். அரங்கத்தின் பெயர் அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெயருக்கு உரியவர் எப்படிப் போனார் என்பது தெரிந்திருக்கவில்லை.

"எத்தன வயசு, ஹஸரத்?"

"இருபத்தொன்று."

"திடல்ல இல்லையா?"

"இல்லை மகன். பாதையில்."

உள்ளே பேச்சுச் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்தேன். தாய் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவனுடைய தலைக்கவசம் மேசை மேல் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். நாடாவின் கொளுக்கி உடைந்து போயிருந்தது. "இது எப்போது உடைந்தது?" என்றேன். வாங்கி இரண்டாம் மாதமே உடைந்துவிட்டதாம். பொலிசாருக்காகத் தலையில் வைப்பதுதானே, கட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டானாம். ரிப்னிக்கில் நடந்ததை அப்போதுதான் சொன்னேன். நம் நாட்டில் வருடந்தோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள், அவர்களில் ஆகக் கூடுதலானோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் என்பதையும் சொன்னேன். எண்ணிக்கையைக் கேட்டு அவன் அசையவில்லை. பதினெட்டு வயதுப் பையனின் தலைக்கவசம் கழன்றதைக் கேட்டுத்தான் அசைந்தான். இளைஞர்கள் அப்படித்தான். ஒரு முகம் வேண்டும்.

தாயின் கேள்விக்கு என் பதிலையும் சொன்னேன். வீதியில் ஓட்டப் பந்தயத்துக்கு என்னிடம் அனுமதி கேட்காதீர்கள், அது உங்கள் மகனின் உயிரோடு முடியும் விடயம் இல்லை, வீதியில் போகும் இன்னொருவரின் பிள்ளையும் அதில் இருக்கிறது. பந்தயம் பழகவே வேண்டும் என்றால் கழகத்தில் சேர்ந்து, வேலியிட்ட திடலில், வாப்பா நாட்டுக்கு வந்த பின் அவரும் சம்மதித்தால் பழகட்டும். அதுவரை வண்டியை ஓட்டும் ஆசையைவிட வண்டியை அறியும் ஆசை இருக்கிறதா என்று பார்ப்போம். பையன் இதற்குத் தலையாட்டினான். முழு மனதோடு ஆட்டினானா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

இப்போது காலையில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கராஜில் வேலை பழகுகிறான். கைநகமெல்லாம் கறுப்பு எண்ணெய். சாவி இன்னும் உம்மாவிடம்தான் இருக்கிறது. வேலைக்குப் போகும்போது கொடுக்கிறார், மஃரிபுக்கு முன் திரும்ப வாங்கிவிடுகிறார். மாலைப் பறப்பு நின்றிருக்கிறது. நண்பர்கள் வாசலில் வந்து ஹோர்ன் அடிக்கிறார்களாம். சில நாள் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று தாய் சொன்னார்.

சென்ற வியாழன் வகுப்புக்கு அவர் கடைப் பை ஒன்றோடு வந்தார். கண்டியில் இருந்து நேரே வந்திருக்கிறார். பைக்குள் இரண்டு தலைக்கவசங்கள். ஒன்று பெரியது. மற்றது சிறியது, ஊதா நிறம். "மகன் தங்கச்சிய ட்யூஷனுக்கு ஏத்திக்கிட்டுப் போறவன்தானே, ஹஸரத். இவ்வளவு நாளும் அவளுக்கு ஒண்ணு இல்லாமத்தான் போனா" என்றார். கொளுக்கியைத் திறந்து மூடிக் காட்டச் சொன்னார். டக் என்று சத்தம் வந்தது. இன்னொரு தடவை செய்யச் சொன்னார்.